கல்குவாரியை மனையாக்க: குழியை நிரப்பும் முறை

முதலில் பட்டாவைப் பாருங்கள். புறம்போக்குக் குவாரி, குத்தகை முடிந்ததும் அரசுக்கே திரும்பும். தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு சிறுகனிம விதிகளில் குடியிருப்புக்கும் கல்குவாரிக்கும் 300 மீட்டர் இடைவெளி உண்டு; ஒரு பக்கம் வெடி, மறுபக்கம் வீடு என்பது இங்கே நடக்காது. அமெரிக்காவின் சான் டியாகோவில், பழைய குவாரியில் எழுந்த சிவிட்டா என்ற 230 ஏக்கர் குடியிருப்பில் தோண்டிக்கொண்டே கட்டினார்கள், ஆனால் அது கல்குவாரி அல்ல, மணல், சரளைக் குழி.

குவாரி ஓடும்போதே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள். விற்றுவிட்டால் பின்னால் லோடு லோடாக வாங்க வேண்டிவரும்.

நிரப்பும் முன், கல் உடைக்கும் கிரஷரின் தூசு சேறாகத் தேங்கிய இடத்தை அடிப்பாறை தெரியும்வரை அள்ளுங்கள். மேலே பொருக்குத் தட்டியிருக்கும், உள்ளே களிதான். வெடிக்காமல் தங்கிய மருந்து இருக்கிறதா என்று உரிமம் பெற்ற வெடிகாரரே தேடட்டும்.

பெரும்பாலும் காரியம் கெடுவது நிரப்புவதில்தான். விளிம்பிலிருந்து டிப்பரைக் கவிழ்த்தால் பெருங்கல் அடிக்கு உருளும், பொடி மேலே தங்கும், நடுவில் பொந்து விழும். குழி நீரை இறைக்கும் பம்ப்பை நிறுத்தி நிலத்தடி நீர் முதன்முறை ஏறும்போது அந்தப் பொந்துகள் சரியும். 20 மீட்டர் நிரப்பு 1 சதவீதம் இறங்கினாலே 20 செ.மீ. ஆகவே 30 செ.மீ. அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, அதிர்வு ரோலர் ஓட்டுங்கள். அடுக்கின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெரிய கல் வேண்டாம். அதிகபட்ச உலர் அடர்த்தியில், அதாவது அதே மண்ணை ஆய்வகத்தில் சரியான ஈரத்தில் இடித்தால் கிடைக்கும் அடர்த்தியில், 95 சதவீதம் வர வேண்டும். சோதிக்க மணல் மாற்று முறையே சரி (சிறு குழி தோண்டி, அதை நிரப்பும் மணலை வைத்துக் கொள்ளளவைக் கணக்கிடுவது); கல் கலந்த மண்ணில் கோர் கட்டர் என்ற மண் வெட்டியெடுக்கும் இரும்புக் குழாய் இறங்காது. இறக்கத்தை அளக்கும் தகடுகளைப் புதைத்து, நீர் ஏறிய பிறகும் இரண்டு பருவமழையாவது அளவெடுங்கள். மனை விற்கும் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் காத்திருப்புதான்.

பாதி பாறை, பாதி நிரப்பு என்று நிற்கும் வீட்டில் சுவரில் குறுக்காக விரிசல் விழும். அந்த எல்லைக்கோட்டில் சாலையை விடுங்கள். மனைப்பிரிவில் திறந்தவெளிக்கு ஒதுக்கும் 10 சதவீத இடத்தை ஆழமான நிரப்பின்மேல் வையுங்கள்.

குழியின் பாறைச் சுவரில் தளர்ந்த கல்லை மேலிருந்து கீழாகத் தட்டி இறக்கி, வலை அடித்து, நீர் வடியத் துளையிட்டு, அடியில் கல் விழும் பள்ளம் வெட்டுங்கள். சுவரின் உயர அளவாவது வீடு தள்ளியிருக்கட்டும்.

தரைமட்டம் சுற்றுப்புற வடிகாலைவிடத் தாழ்ந்தால் மழைநீர் போக வழியில்லை. இரண்டு பம்ப்பும் ஜெனரேட்டரும் நிரந்தரச் செலவாகும். செப்டிக் டேங்க் நீரைப் பாறை உறிஞ்சாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.