இருமல் சிரப்பையும் புரோட்டீன் டப்பாவையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓட்டப்பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவன் நான். ஊக்கமருந்துச் சோதனையில் பிள்ளை தெரியாமல் சிக்கிவிடக் கூடாது என்று, பெற்றோரிடம் முதலில் பேசுவது இருமல் சிரப்பைப் பற்றித்தான்.

பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் கலவையைப் படியுங்கள். அம்ப்ராக்சால், குவைஃபெனெசின் வரிசையில் டெர்பியூட்டலின் என்று இருந்தால் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் அந்த மருந்து, உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் (WADA) தடைப்பட்டியலில் இருக்கிறது. போட்டி இல்லாத நாளிலும் தடைதான். "அம்மா கொடுத்தாங்க, எனக்குத் தெரியாது" என்றால் தண்டனைக் காலம் குறையலாம், ஆனால் போட்டியன்று பிடிபட்டால் பதக்கம் போனதுதான். உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. பதினைந்து வயதுப் பிள்ளை இதைத் தனியாகச் சுமக்கக் கூடாது.

அதனால் டாக்டரிடம் உட்கார்ந்ததுமே, "சார், பொண்ணு போட்டிக்கு ஓடுறா, டோப் டெஸ்ட் எடுப்பாங்க" என்று சொல்லிவிடுங்கள். வாங்கிய மருந்தை, நம் நாட்டு ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடாவின் (NADA) 'நோ யுவர் மெடிசின்' (Know Your Medicine) செயலியில் தேடிப் பாருங்கள். பட்டியல் வருடா வருடம் ஜனவரி 1 முதல் மாறும். போன வருடம் பார்த்தது போதாது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரை மட்டும் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள். சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு ஓர் அளவு வரை அனுமதி உண்டு. தடைப்பட்டியலில் உள்ள மருந்து வேண்டியிருந்தால், மருத்துவக் காரணம் காட்டி முன்கூட்டியே விலக்கு கேட்கலாம்.

அடுத்து புரோட்டீன் பவுடர். டப்பாவில் இருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உணவு உரிமத்துக்கானது. ஊக்கமருந்து கலக்கவில்லை என்பதற்கு அது சான்று ஆகாது. 'ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்' என்று போட்டு ஒவ்வொன்றின் அளவையும் மறைத்திருந்தால் வாங்காதீர்கள். ஜிம் அண்ணன் கவரில் கட்டிக் கொடுத்த பொடியா? அன்றைக்கே குப்பைக்குப் போகட்டும். பவுடர் வேண்டியே தீரும் என்றால், தடைசெய்த பொருள் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' முத்திரை பார்த்து, பேட்ச் எண்ணை அவர்கள் தளத்தில் ஒப்பிடுங்கள். என்னைக் கேட்டால், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. பள்ளிப் பிள்ளைக்குச் சோறு, பருப்பு, சுண்டலோடு இது போதும்.

ஊசி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'ஸ்டாமினா ஊசி' என்று விற்கும் மெஃபென்டெர்மின், அறுவை சிகிச்சையின்போது விழும் ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து. ஆரோக்கியமான பிள்ளைக்கு ஏற்றினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். தசையை ஏற்றப் போடும் ஸ்டீராய்டு, வளரும் எலும்பின் முனையைச் சீக்கிரமே மூடிவிடும். உயரம் அத்தோடு நின்றுவிடும். பெண் பிள்ளைகளுக்குக் குரல் கட்டையானால் திரும்பாது. திடீரென்று எடை கூடுவது, முதுகெல்லாம் பரு, காரணமில்லாத கோபம் இவையெல்லாம் சேர்ந்து தெரிந்தால், அடிக்காமல் "யாருப்பா கொடுத்தது?" என்று கேளுங்கள். அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

சாப்பிட்ட ஒவ்வொன்றின் டப்பாவையும் பில்லையும் எடுத்து வையுங்கள். பரிசோதனைப் படிவத்தில் கடைசி 7 நாளில் எடுத்ததையெல்லாம் எழுதச் சொல்வார்கள். 18 வயது ஆகாத பிள்ளையோடு பெரியவர் ஒருவர் பரிசோதனை அறைக்குள் போகலாம். நீங்கள் வர முடியாவிட்டால் கோச்சை அனுப்புங்கள்.