அம்மாவின் மருந்துப் பை

சிங்கப்பூரில் தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்ததால் கால் வீங்கிவிட்டது என்றார் அம்மா. மூன்று வாரமாகியும் வற்றவில்லை. அவருடைய மருந்துப் பையை அப்படியே கொண்டுபோய் மருந்துக் கடையில் காட்டினேன். மருந்தாளர் இரண்டு அட்டைகளை எடுத்து அருகருகே வைத்தார். ஒன்றில் நார்வாஸ்க், மற்றதில் அம்லோடிபின். பெயர்தான் வேறு, இரத்த அழுத்த மருந்து ஒன்றே. பலதுறை மருந்தகத்தில் ஒன்று, புளோக்குக்குக் கீழே உள்ள தனியார் மருந்தகத்தில் ஒன்று வாங்கி, இரண்டையும் தினமும் விழுங்கியிருக்கிறார். கால் வீங்குவது அந்த மருந்தின் பக்கவிளைவுகளில் ஒன்று. “இன்றைக்கே டாக்டரைப் பார்த்து எதை நிறுத்துவது என்று கேளுங்கள்” என்று அனுப்பினார்.

(தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு: இங்கே மருந்தகம் என்றால் கிளினிக், பலதுறை மருந்தகம் என்றால் அரசு பாலிகிளினிக்.)

மருந்தாளரைக் காசு வாங்கிப் போடுபவராகப் பார்ப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி என்று எங்கு திரும்பினாலும் கடை உண்டு. ஆனால் எல்லாக் கிளைகளிலும் மருந்தாளர் இருப்பதில்லை. இருந்தாலும் எல்லா நேரமும் இல்லை. நாலு அடி பக்கம் என்பதற்காகக் கடையைத் தேர்ந்தெடுக்காமல், எங்கே, எந்த நேரத்தில் மருந்தாளர் இருப்பார் என்று ஒருமுறை கேட்டு வையுங்கள். ஒரே ஆளிடம் போய்ப் பழகுவது நல்லது. நாட்டு மருந்து, கீரை மாத்திரை, ஊரிலிருந்து வந்த லேகியம் எதையும் மறைக்காதீர்கள்.

இனி காசு. “எனக்கு மெடிஷீல்டு லைஃப் இருக்கிறது, மருந்துக்குக் கவலையில்லை” என்று காப்பிக்கடையில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2015இல் வந்த அந்தக் காப்புறுதி பெரிய மருத்துவமனைக் கட்டணத்துக்கும், டயாலிசிஸ், கீமோ போன்ற விலையுயர்ந்த வெளிநோயாளர் சிகிச்சைகளுக்கும்தான். மாதாமாதம் வாங்கும் நீரிழிவு மாத்திரைக்கு அது வராது. அங்கே கைகொடுப்பவை அரசு மானியமும், மருத்துவச் செலவுக்கென்று நம் சம்பளத்திலிருந்து சேரும் மெடிசேவ் கணக்கும். நாட்பட்ட நோய்களுக்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு உண்டு; 2021இல் அதை 500 வெள்ளி என்றும், நோய் சிக்கலானதென்றால் 700 வெள்ளி என்றும் வைத்தார்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பலதுறை மருந்தகத்தில் எழுதிய சீட்டை வெளிக்கடைக்குக் கொண்டுபோனால் மானியம் கூடவே வராது. முழு விலை கட்ட வேண்டியிருக்கும். வரிசையில் நிற்கச் சலிப்பாக இருந்தால் வீட்டுக்கே மருந்து அனுப்பும் வசதியைக் கேளுங்கள். தனியார் மருந்தகத்தில் நிலைமை வேறு. டாக்டரே மருந்தும் கொடுப்பதால், அங்கேதான் வாங்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். சீட்டாக எழுதிக் கேட்டு, வெளியே விலை பார்க்கலாம். அரசின் மருத்துவ மானிய அட்டையான சாஸ் உள்ளவர்களும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை மூத்தோரும், ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகத்திலேயே சில நாட்பட்ட நோய் மருந்துகளைக் கிட்டத்தட்ட பலதுறை மருந்தக விலையில் வாங்க 2024 முதல் வழி உண்டு. நீங்கள் பதிந்துகொண்ட மருந்தகத்தில் மட்டும்தான். பக்கத்து மருந்தகத்தில் கேட்டால் கிடைக்காது.

மெடிஷீல்டு லைஃபோடு தனியார் காப்புறுதியையும் சேர்த்த ஒருங்கிணைந்த திட்டம் வைத்திருப்பவர்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் வாங்கும் மருந்துகளின் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பல திட்டங்கள் குறிப்பிட்ட நாள்வரை அந்தச் செலவையும் ஏற்கின்றன. புற்றுநோய் மருந்தென்றால் இன்னும் கவனம் தேவை. மெடிஷீல்டு லைஃபுக்கு 2022 செப்டம்பர் முதல், ஒருங்கிணைந்த திட்டங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாத மருந்துக்கு அடிப்படைத் திட்டம் கட்டாது. அதற்கு மேல் கூடுதலாக எடுக்கும் துணைத்திட்டம் (ரைடர்) இருந்தால் அதன் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் முன்னரே “இது பட்டியலில் உண்டா?” என்று கேட்டுவிடுங்கள்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய் மருந்தை மலிவாக வாங்குவது நமக்குப் பழக்கம்தான். சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவுவரை கொண்டுவரலாம். ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

அம்மாவின் பையில் இப்போது ஒரு காகிதம் இருக்கிறது. மருந்தின் உட்பெயர் (கடைப் பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), அளவு, எங்கே வாங்கியது என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். டாக்டர் ஒன்றை நிறுத்திய இரண்டாவது வாரமே பழைய செருப்பு காலுக்குச் சேர்ந்தது.