மாற்று வரலாறு எழுதும்போது பலரும் சறுக்கும் இடங்கள்

போஸ்னியாவின் சரயேவோ நகரில் அந்தக் கார் வழி தவறாமல் போயிருந்தால் முதல் உலகப் போரே வந்திருக்காது என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். நடந்த ஒன்றை மாற்றிவிட்டு, பிறகு என்ன ஆகியிருக்கும் என்று எழுதிப் பார்க்கும் மாற்று வரலாற்றில் ஆர்வம் வருகிற பலருக்கும் இதுதான் முதல் கேள்வி. அதிகம் பேர் தடுக்கி விழுவதும் இதில்தான்.

நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1914 ஜூன் 28 காலை, ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார் மீது ஒருவன் குண்டு வீசினான். மடித்து வைத்திருந்த மேற்கூரையில் பட்டுத் தெறித்த குண்டு, பின்னால் வந்த காரின் கீழே வெடித்தது. நகர மன்ற வரவேற்பு முடிந்ததும், காயம்பட்டவர்களை மருத்துவமனையில் போய்ப் பார்ப்பதென்று இளவரசர் முடிவு செய்தார். போகும் பாதை மாறியது. மாறிய பாதை ஓட்டுநருக்குச் சொல்லப்படவில்லை. அவர் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்தருகே வலப்பக்கம் திரும்பினார். தவறான வழி என்று சொல்லப்பட்டதும் காரை நிறுத்தினார். நிறுத்திய இடத்துக்குச் சில அடி தூரத்தில், அதே சதிக்கூட்டத்தைச் சேர்ந்த போஸ்னியச் செர்பிய இளைஞன் கவ்ரிலோ பிரின்சிப் துப்பாக்கியோடு நின்றிருந்தான்.

இந்த ஒரு திருப்பத்தை மாற்றுவதில் சிரமமே இல்லை. பிறகு என்ன ஆகும் என்பதில்தான் இரண்டு வகைச் சோம்பல் புகுந்துவிடுகிறது. போர் வந்திருக்கவே வந்திருக்காது என்பது ஒரு வகை. 1908இல் போஸ்னியா, 1911இல் மொராக்கோ, 1912–13இல் பால்கன் போர்கள் என்று ஐரோப்பா ஏற்கெனவே பலமுறை விளிம்பு வரை போய்த் திரும்பியிருந்ததை இவர்கள் பார்ப்பதில்லை. எப்படியும் வந்தே தீர்ந்திருக்கும் என்பது இன்னொரு வகை. கேட்க விவரமான பேச்சாகத் தோன்றும். ஆனால் அந்த நெருக்கடிகள் எதுவும் உலகப் போராக வெடிக்கவில்லை என்பதும் அதே வரலாறுதானே?

ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் செர்பியாவோடு போர் வேண்டாம் என்றவர். ஆஸ்திரியப் படைத்தலைவர் கான்ராட் அந்தப் போரைக் கேட்டு ஆண்டுக்கணக்காக நச்சரித்து வந்தவர். பிரின்சிப்பின் தோட்டா போருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது; கூடவே போருக்குக் குறுக்கே நின்ற ஆளையும் அகற்றியது. இளவரசர் பிழைத்திருந்தால், அடுத்த நெருக்கடியில் வியன்னாவில் யார் பேச்சு எடுபட்டிருக்கும்? ரஷ்யா தன் படை விரிவாக்கத்தை 1917க்குள் முடிக்கத் திட்டமிட்டிருந்தது. அதன்பின் அதை வெல்ல முடியாது என்று ஜெர்மன் தளபதிகள் அஞ்சினார்கள். அந்த அச்சம் அவர்களை முந்திக்கொள்ளத் தூண்டியிருக்குமா, அடங்கிப்போக வைத்திருக்குமா? நல்ல மாற்று வரலாறு இப்படிப்பட்ட கேள்விகளிலிருந்தே பிறக்கிறது. ஒரு சின்ன நிகழ்வு உலகத்தைப் புரட்டிப் போடுகிறதென்றால், எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலைமை அதற்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும். அந்த நிலைமையை முதலில் படிக்காமல் நிகழ்வை மட்டும் பிடித்துக்கொள்வதே எல்லாத் தவறுகளுக்கும் வேர் என்பேன்.

சின்ன மாற்றம் போகப்போகப் பெரிதாகிவிடும் என்பதைக் குறிக்கும் பட்டாம்பூச்சி விளைவு என்ற சொல்லும் இந்த வட்டாரத்தில் அதிகமாகவே புழங்குகிறது. 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ், கணினியில் ஓட்டிய ஒரு வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட நினைத்தார். கணினியின் நினைவில் 0.506127 என்று இருந்த எண்ணை, அச்சில் வந்தபடி 0.506 என்று உள்ளிட்டார். கொஞ்ச தூரம் வரை பழைய கணக்கோடு ஒட்டிப் போன புதிய கணக்கு, பிறகு முற்றிலும் வேறு வானிலையைக் காட்டியது. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. எழுதுபவர்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் பாடம்: மாற்றம் நமக்குப் பிடித்த திசையில் மட்டும் பரவாது. 1347இல் கொள்ளைநோய் ஐரோப்பாவுக்கு வரவில்லை என்று வைத்துக்கொண்டு, 1800இல் அதே நெப்போலியனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நெப்போலியன் பிறந்த கோர்சிகா தீவை இத்தாலிய நகர அரசான ஜெனோவா பிரான்சிடம் ஒப்படைத்ததே 1768இல்தான். அவர் பிறந்தது 1769 ஆகஸ்ட் 15. இவ்வளவு மெல்லிய இழையில் தொங்கும் ஒரு வாழ்க்கை, நான்கு நூற்றாண்டு மாற்றங்களைத் தாண்டி அப்படியே வந்து சேராது. அவருடைய பெற்றோர் சந்தித்திருப்பார்களா என்பதே கேள்வி. வாசகருக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்று தெரிந்தே அவரைக் கொண்டுவருவது எழுத்தாளர் எடுத்துக்கொள்ளும் உரிமை. கவனிக்காமல் கொண்டுவருவது பிழை.

இரண்டாவது பாடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வானிலை மாறலாம், பருவங்கள் மாறுவதில்லை. கொலம்பஸின் மூன்று கப்பல்களும் 1492இல் கடலில் மூழ்கிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அதனால் அமெரிக்கக் கண்டங்களின் மக்கள் தப்பித்திருப்பார்களா? இந்தியாவுக்குக் கிளம்பிய போர்ச்சுகீசியர் கப்ரால், அட்லாண்டிக்கில் மேற்கே வளைந்து போய் 1500 ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்டார். கொலம்பஸ் இல்லாவிட்டாலும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போகும் அந்தக் கடல்வழி இருந்தது. அதன் காற்றும் நீரோட்டமும் இருந்தன. கப்பலில் யார் வந்திருந்தாலும் பெரியம்மை கூடவே வந்திருக்கும். 1520இல் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானைச் சூறையாடிய அந்த நோய்க்கு, எந்த ராஜாவின் கொடி என்பது பொருட்டல்ல. ஆனால் சில ஆண்டுகள் தள்ளிப்போவதும், ஸ்பெயினுக்குப் பதில் போர்ச்சுகல் முதலில் வருவதும் சின்ன விஷயமில்லை. எந்த மொழி பரவும், வெள்ளி யாருடைய கஜானாவுக்குப் போகும், அதை வைத்து யார் எந்தப் போரை நடத்துவார்கள் என்பதெல்லாம் தலைகீழாகும். எது மாறாது என்று முதலில் பட்டியல் போட்டுவிட்டால், எது மாறும் என்பது தானாகத் துலங்கும்.

கருவி ஒன்றை மட்டும் காலத்தில் பின்னால் தள்ளி வைப்பது அடுத்த தவறு. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோ, நீராவியால் சுழலும் ஓர் உருண்டையை விவரித்திருக்கிறார். உடனே ரோமாபுரியில் ரயில் ஓட்டிவிடுகிறார்கள்! 1712இல் நியூகோமன் செய்த நீராவி இயந்திரம் எரிபொருளை அள்ளி விழுங்கியது. அது பிழைத்ததற்குக் காரணம், அது நின்ற இடம் நிலக்கரிச் சுரங்கத்தின் வாசல். சுரங்கத்தில் ஊறிய தண்ணீரை இறைக்க வேண்டிய அவசரமும் அங்கேயே இருந்தது, கரியும் அங்கேயே கிடைத்தது. மேம்படுத்திய நீராவி இயந்திரத்துக்கு 1769இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் வாட்டும், காற்று கசியாத உருளைக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பீரங்கிக் குழாய்களைத் துல்லியமாகக் குடையும் முறையை ஆங்கில இரும்புத் தொழிலதிபர் வில்கின்சன் 1774இல் கண்டபிறகே அப்படியோர் உருளை கிடைத்தது. உலோகம், தேவை, எரிபொருள், கைத்திறன் நான்கும் ரோமில் எங்கிருந்து வரும் என்று சொன்னால் அந்தக் கதையை நான் ஆசையாகப் படிப்பேன்.

பாத்திரங்களுக்கு நம்முடைய அறிவைக் கொடுத்துவிடுவதும் உண்டு. 1862 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில், மேரிலாந்தின் ஃபிரெடெரிக் அருகே ஒரு வடபடை வீரர் புல்வெளியில் ஒரு காகிதத்தைக் கண்டெடுத்தார். அது மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால், தென்படைத் தளபதி லீ தன் படையை எப்படிப் பிரித்து அனுப்புகிறார் என்ற உத்தரவு! எதிரியின் திட்டம் கையில் கிடைத்தும் வடபடைத் தளபதி மெக்கிளெல்லன் அதை முழுதாகப் பயன்படுத்தவில்லை. லீயின் படை உண்மையில் இருந்ததைவிட மிகப் பெரியது என்று அவர் நம்பினார். அவரை அசடாக எழுதுவது சுலபம்; அவர் நம்பியதை நம்பிக்கொண்டே அவரைப் புத்திசாலியாக எழுதிப் பாருங்கள்.

தனக்குப் பிடித்த தரப்பை ஜெயிக்க வைத்துவிட்டு, எதிர்த்தரப்பை வேடிக்கை பார்க்க வைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாட்டர்லூவில் நெப்போலியன் வென்றிருந்தாலும் ஆஸ்திரிய, ரஷ்யப் படைகள் வந்துகொண்டுதான் இருந்தன.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். நடக்கச் சரிபாதி வாய்ப்புள்ள மூன்று திருப்பங்களை அடுக்கினால், மூன்றும் சேர்ந்து நடக்க எட்டில் ஒரு வாய்ப்புதான். பத்து அடுக்கினால் ஆயிரத்தில் ஒன்று. அந்தச் சுருட்டுக் காகிதம் யார் கண்ணிலும் படவில்லை என்றால், 1862 இலையுதிர் காலத்தைத் துணிந்து எழுதலாம். நான்கு நாள் கழித்து நடந்த ஆன்டீட்டம் போர் அதே இடத்தில் நடந்திருக்காது; அந்தப் போரை வெற்றியாகக் காட்டி செப்டம்பர் 22இல் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலை முன்னறிவிப்பு தள்ளிப்போயிருக்கும்; தெற்கை ஒரு நாடாக அங்கீகரிப்பதா என்ற பேச்சு லண்டனில் இன்னும் சில மாதம் உயிரோடு இருந்திருக்கும். 1863ஐ எழுதும்போது இரண்டு மூன்று பாதைகளை வைத்துக்கொண்டு, ஒன்றை ஏன் தேர்ந்தோம் என்று காட்ட வேண்டும். 1900க்குப் போனால் பருத்தியின் சந்தை, ரயில்பாதை, குடியேற்றம் போன்ற பெரிய ஓட்டங்களைப் பற்றி மட்டுமே பேச முடியும். அந்த ஆண்டின் ஜனாதிபதி யார் என்று பெயர் சொல்ல முடியாது.