டிரைக்ளோசானும் நீர்த்தெள்ளும்: முதல்முறை செய்பவர்களுக்கான 48 மணி நேரச் சோதனை

சோப்பிலும் பற்பசையிலும் பாக்டீரியாவைக் கொல்லச் சேர்த்த டிரைக்ளோசான், கழிவுநீரோடு ஆற்றுக்குப் போனால் அங்கே வாழும் சிற்றுயிர்களுக்கு என்ன ஆகும்? அதைச் சோதிக்க டாஃப்னியா மேக்னா என்ற நீர்த்தெள்ளு நல்ல துணை. பெயர்தான் தெள்ளு, உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வெளியிட்ட 202 என்ற சோதனை நெறிமுறையை ஒட்டிய வழி இது.

படி 1: குஞ்சுகள். முந்தின நாள் மாலையே முட்டை சுமக்கும் தாய்களைத் தனிப் பாத்திரத்தில் விடுங்கள். காலையில் உள்ள குஞ்சுகள் எல்லாமே 24 மணி நேரத்துக்கு உட்பட்டவை. மொத்தம் 140 வேண்டும். முதல் ஈற்றுக் குஞ்சுகளைத் தவிருங்கள். தொட்டியில் ஆண்கள் தென்பட்டால் அந்தக் கூட்டமே நலமாக இல்லை என்று பொருள், அதைத் தொடாதீர்கள்.

படி 2: தண்ணீர். குளோரின் துளியும் கூடாது. 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும்.

படி 3: கரைசல். பலரும் சறுக்குவது இங்கேதான். டிரைக்ளோசான் தண்ணீரில் எளிதில் கரையாது, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். எனவே கண்ணாடிப் பாத்திரம் மட்டுமே. கையுறை போட்டுக்கொண்டு, 160 மில்லிகிராமை 10 மில்லி அசிட்டோனில் கரையுங்கள். இதில் 0.1 மில்லியை ஒரு லிட்டர் நீரில் விட்டால் லிட்டருக்கு 1600 மைக்ரோகிராம். அடுத்தடுத்த செறிவுகளுக்கு (800, 400, 200, 100) மூலக்கரைசலையே அசிட்டோனால் பாதி பாதியாக நீர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் எல்லாக் குவளையிலும் அசிட்டோன் ஒரே அளவில் இருக்கும். வெறும் நீர் ஒன்று, அசிட்டோன் மட்டும் கலந்த நீர் ஒன்று என இரண்டு ஒப்பீடுகளும் வேண்டும்.

படி 4: விடுதல். ஒவ்வொரு வகைக்கும் நான்கு குவளை, குவளைக்கு 50 மில்லி, ஐந்து குஞ்சுகள். அகன்ற வாய்ப் பிப்பெட்டின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி விடுங்கள். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்று புகுந்து குஞ்சு மிதக்கும். பாவம், அது விஷத்தால் விழுந்ததாக நீங்கள் எழுதிவிடுவீர்கள்! இரை போட வேண்டாம். ஒளி இந்த வேதிப்பொருளைச் சிதைக்கும் என்பதால் இருட்டில் வையுங்கள்.

படி 5: எண்ணுதல். 24, 48 மணி நேரத்தில் குவளையை மெதுவாகச் சுழற்றி 15 விநாடி பாருங்கள். நீந்தாதது 'முடங்கியது'. உணர்கொம்பு மட்டும் அசைந்தாலும் முடங்கியதுதான். இரக்கப்பட்டுப் பிழைத்த கணக்கில் சேர்க்காதீர்கள். ஒப்பீடுகளில் எதிலாவது 20-ல் 2-க்கு மேல் முடங்கினால் சோதனை செல்லாது.

படி 6: கணக்கு. 200 மைக்ரோகிராம் செறிவில் இருபதில் 2, 400 மைக்ரோகிராம் செறிவில் இருபதில் 11 முடங்கின என்று வைத்துக்கொள்வோம்: 10, 55 சதவீதம். மடக்கை அளவில் இரண்டுக்கும் கோடு இழுத்தால் பாதி முடங்கும் செறிவு லிட்டருக்குச் சுமார் 370 மைக்ரோகிராம். 2002-ல் வெளியான ஆய்வொன்றில் இதே இனத்துக்குக் கிடைத்தது 390.

உங்கள் எண் வெகுவாக விலகினால் முதலில் நீரின் பிஎச்சை (அமில, காரத் தன்மையின் அளவை) பாருங்கள். டிரைக்ளோசான் ஏறத்தாழ பிஎச் 8-ல் பாதி அயனியாகிவிடும் (மின்னூட்டம் பெற்றுவிடும்). அயனியாகாத பகுதிதான் உடலுக்குள் எளிதில் புகும். ஆகவே பிஎச் 7-ல் கொல்லும் அளவு, 9-ல் அவ்வளவு கடுமையாக இருக்காது. தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து குறித்து வையுங்கள்.

மிச்சக் கரைசலைத் தொட்டியில் கொட்டாதீர்கள். வேதிக்கழிவுக் கலனில் சேருங்கள். நீர்த்தெள்ளு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராமில் விழுகிறது. அது தின்னும் பச்சைப்பாசிகளில் சில, ஓரிரண்டு மைக்ரோகிராமிலேயே வளர்ச்சி குன்றிவிடும்.