மோடல் வினைகள்: 'மஸ்ட் நாட்' போடும் முன் ஒரு நிமிடம்

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். ஆங்கிலத்தில் 'முடியும்', 'வேண்டும்', 'லாம்' போன்ற அர்த்தங்களைத் தர வினையோடு சேரும் துணைவினைகள்தான் மோடல்கள்; முக்கியமானவை இந்த ஒன்பதுதான். வினைச்சொல், காலம் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக உள்ளே போகிறேன்.

படி 1: அமைப்பு

மோடலுக்குப் பின் வினையின் மூல வடிவம் மட்டும். 'ஷி கேன் ஸ்விம்' சரி. 'ஷி கேன்ஸ் ஸ்விம்', 'ஷி கேன் டு ஸ்விம்' இரண்டும் தப்பு. இரண்டு மோடல்கள் ஒட்டி வராது. 'நாளைக்கு என்னால் வர முடியும்' என்பது 'ஐ வில் கேன் கம்' இல்லை, 'ஐ வில் பி ஏபிள் டு கம்'.

படி 2: தமிழில் சொல்லி, வினையின் வாலைப் பாருங்கள்

'முடியும்' என்றால் கேன். 'வேண்டும்' என்றால் மஸ்ட். அறிவுரையாக இருந்தால் ஷுட். 'லாம்' மட்டும் ஆளைக் கவிழ்க்கும். 'நீ போகலாம்' அனுமதி, அதனால் 'யூ மே கோ' அல்லது 'யூ கேன் கோ'. 'சாயங்காலம் மழை வரலாம்' ஊகம், அதனால் 'இட் மைட் ரெய்ன்'. இங்கே கேன் ஒட்டாது. 'டீ குடிக்கலாமா?' என்று கூப்பிட்டால் 'ஷல் வி ஹேவ் டீ?' மொழிபெயர்ப்புச் செயலியை இதற்கு நம்பாதீர்கள். கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் இலக்கணப் பகுதி இலவசம்; நான் அங்கேதான் போவேன்.

படி 3: எதிர்மறை

எனக்குப் பிடிபட நாளானது இதுதான். 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் கட்டாயத்தைத்தான் சொல்கின்றன. 'நாட்' சேர்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் வரக்கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றால் வர வேண்டிய அவசியமில்லை, வந்தாலும் சரி. நாம் பேச்சில் இரண்டுக்குமே 'வரவேணாம்' என்று சொல்லிப் பழகியவர்கள். சனிக்கிழமை வேலை இல்லை என்று சக ஊழியருக்கு மெயில் எழுதும்போது 'மஸ்ட் நாட்' போட்டால், அவரை உள்ளே விடாதே என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எழுதும் முன் ஒரே கேள்வி: வந்தால் தப்பா? தப்பு என்றால் 'மஸ்ட் நாட்'. இல்லையென்றால் 'டோன்ட் ஹேவ் டு'.

(இணையத் தரநிலை ஆவணங்களில் மஸ்ட், ஷுட், மே எதைக் குறிக்கும் என்று வரையறுக்கவே 1997இல் ஆர்எஃப்சி 2119 என்று தனி ஆவணம் வெளியிட்டார்கள். மூன்றே பக்கம். கணினித் துறைக்காரர்கள் புரட்டிப் பாருங்கள்.)

படி 4: கடந்த காலம்

மஸ்ட்டுக்கு இறந்தகால வடிவம் இல்லை. நேற்று இருந்த கட்டாயத்துக்கு 'ஹேட் டு'. 'அவர் போயிருக்க வேண்டும்' என்பதில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. வாசலில் செருப்பைக் காணோம், அதனால் ஊகிக்கிறோம் என்றால் 'ஹி மஸ்ட் ஹேவ் கான்'. போகாமல் விட்டாரே என்ற ஆதங்கம் என்றால் 'ஹி ஷுட் ஹேவ் கான்'.

பின்சேர்க்கை: 'குட்' என்பது கேனின் இறந்தகாலம்தானே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பாதி சரி. 'சின்ன வயதில் நீந்த முடியும்' போன்ற பொதுத் திறமைக்கு 'குட்' வரும். ஆனால் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன் என்று ஒருமுறை நடந்ததைச் சொல்ல 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த பஸ்'. பஸ்ஸை விட்டுவிட்டால் மட்டும் கவலையில்லை, 'குடன்ட்' தாராளமாகப் போடலாம்.