அரிசி ஊருதானேன்னு நம்பி வராதீங்க: சீலியாக் புள்ளையோட சேலம், ஏற்காடு

என் பொண்ணுக்கு சீலியாக், அதாவது கோதுமை, பார்லியில இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் துளி உள்ள போனாலும் குடலைக் கெடுக்கிற வியாதி. ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தவங்க எல்லாம் சொன்னது ஒண்ணுதான், "அங்க என்ன கவலை, இட்லி தோசை சோறு எல்லாம் அரிசிதானே". நானும் அப்படித்தான் நெனச்சேன். பர்மிங்ஹாம்ல ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படிச்சு அலுத்துப்போன எனக்கு சேலத்துல நாலு வாரம் நிம்மதியா இருக்கலாம்னு ஒரு கனவு. வந்த நாலாவது நாளே பொண்ணுக்கு வயிறு உப்பி, பேதி, ராத்திரி பூரா அழுகை. இத்தனைக்கும் வெளிய ஒரு வாய் சாப்பிடல, எல்லாமே எங்கம்மா கையால சமைச்சதுதான்.

அப்புறம் சமையலறையில ஒவ்வொரு டப்பாவா எடுத்துப் படிச்சப்பதான் மாட்டுச்சு. பெருங்காயம்! கடையில விக்கிறது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தாங்க, அசல் பிசின் ரொம்பக் காரமா இருக்கும்னு அதுல கோந்தும் மாவும் கலந்துதான் விப்பாங்க, அந்த மாவு நிறைய பிராண்டுல கோதுமை, மைதாதான். தூளா இருந்தாலும் சரி கட்டியா இருந்தாலும் சரி, கட்டின்னா சுத்தம்னு நெனைக்காதீங்க. இது எதுல எல்லாம் போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க: சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு, நீர்மோர், சில வீட்டுல பொரியலுக்குக்கூட. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கெடைக்குது, டப்பாவுல பொடி எழுத்தைப் படிச்சு வாங்கிட்டு வந்து பழைய டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுங்க, ரெண்டும் ஒரே அலமாரியில இருந்தா அம்மா பழக்கதோஷத்துல பழசைத்தான் எடுப்பாங்க. இல்லையா, நாலு பல்லு பூண்டு தட்டிப் போட்டுட்டு பெருங்காயத்தையே விட்டுடுங்க.

அடுத்தது மாவு மில். கேழ்வரகு, கம்பு, சாமை, தினை, வரகு எதுலயும் குளூட்டன் கெடையாது, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில மலையாளின்னு சொல்ற பழங்குடி மக்கள் (கேரளாக்காரங்க இல்ல) காலங்காலமா விளைய வெக்கிற சாமையும் கேழ்வரகும் நம்ம புள்ளைங்களுக்கு வரம்தான். ஆனா அதை மில்லுல குடுத்து அரைச்சா போச்சு, நமக்கு முன்னாடி நிக்கிற அக்கா அஞ்சு கிலோ கோதுமை அரைச்சுட்டுப் போயிருப்பாங்க, அந்த மெஷின்ல மிச்சம் இருக்கிற மாவு முழுக்க நம்ம பையில வந்து விழும். முழு தானியமா வாங்கி, கழுவிக் காயவெச்சு வீட்டு மிக்ஸியில அரைங்க. சல்லடை புதுசா வாங்கணும், வீட்டுல இருக்கிற சல்லடைக் கண்ணுல பத்து வருஷத்துக் கோதுமை மாவு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை எத்தனை தடவை கழுவினாலும் நான் நம்ப மாட்டேன். பாக்கெட் மாவுதான் வேணும்னா 'குளூட்டன் ஃப்ரீ'ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, இங்கயும் சட்டப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள்ள இருந்தாத்தான் அப்படிப் போடலாம், நம்ம இங்கிலாந்துல பாக்கிற அதே 20 பிபிஎம் கணக்குதான்.

சொந்தக்காரங்கதான் பெரிய சோதனை. சீலியாக்குன்னு சொன்னா இங்க யாருக்கும் தெரியாது, வடக்க கோதுமை சாப்பிடுற பக்கம் இது நெறைய இருக்கு, நம்ம பக்கம் கம்மி, அதனால சில டாக்டருங்களே ஒரு மாதிரி பாப்பாங்க. அங்கேர்ந்து கிளம்பும்போதே ஆஸ்பத்திரி லெட்டர் ஒண்ணு கையோட வாங்கிட்டு வந்துடுங்க. இது அலர்ஜி இல்ல, உடம்பே தன் குடலைத் தாக்குற வியாதின்னு பெரியம்மாவுக்கு விளக்கிக்கிட்டு இருக்காதீங்க, "கோதுமை அலர்ஜி"ன்னு சொல்லுங்க, அதுதான் வேலைக்கு ஆகும். "ஒரு பிஸ்கட்டுதானே கண்ணு, ஒண்ணும் ஆகாது"ன்னு எங்கம்மாவே ஒருநாள் நீட்டினாங்க. கோவப்பட்டுப் பிரயோஜனமில்ல. அன்னிக்கு ராத்திரி பொண்ணு எப்படித் துடிச்சான்னு மறுபடி ஒருக்கா எடுத்துச் சொன்னதும், மறுநாள்லேர்ந்து வர்றவங்ககிட்ட எல்லாம் அம்மாவே போலீஸ் மாதிரி நின்னாங்க. போற வீட்டுல பாலுல ஹார்லிக்ஸோ பூஸ்டோ கலந்து நீட்டுவாங்க, அது பார்லி மால்ட், வாங்கவே வாங்காதீங்க, வெறும் பாலு போதும்னுடுங்க.

ஓட்டல்ல நான் நம்புறது இட்லி. அதுவும் ரவா இட்லி போடாத கடையா, தாளிக்காத தேங்கா சட்னியோட, இல்லன்னா நெய்யும் நாட்டுச் சர்க்கரையும். தோசை வேண்டாம், மாவுல மொறுமொறுப்புக்கு மைதாவோ ரவையோ சேர்க்கிற கடை உண்டு, சேர்க்கலைன்னாலும் அதே கல்லுலதான் பரோட்டாவும் ரவா தோசையும் புரளும். மீல்ஸ்னா வெறும் சோறு, தயிர், நெய். அப்பளம்கூட பூரி பொரிச்ச எண்ணெயில பொரிச்சதா இருக்கும். வாழை இலையில போடுறாங்களே, அது ஒரு பெரிய நிம்மதி, தட்டுல முன்னாடி யாரு என்ன சாப்பிட்டாங்கன்னு யோசிக்கவே வேண்டாம். சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன் பக்கமே போகாதீங்க, மைதாவும், கோதுமை சேர்ந்த சோயா சாஸும்தான். நான் ஒரு அட்டையில இப்படி எழுதி லேமினேட் பண்ணி வெச்சிருந்தேன், நீங்களும் எழுதிக்கோங்க: "அண்ணா, இந்தக் குழந்தைக்கு கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, பெருங்காயம் துளிகூட ஆகாது. தனிக் கரண்டி, கழுவின பாத்திரம், புது எண்ணெய்." சர்வர்கிட்ட குடுக்காம சமையல் மாஸ்டர் கையில குடுங்க.

சேலத்துக்கே உரிய நல்ல சேதி ஜவ்வரிசி. அங்க இண்டியன் கடையில நாம வாங்குற ஜவ்வரிசிக்கு இதுதான் பொறந்த ஊரு, சேலம் ஆத்தூர் பக்கம் பூரா சேகோ ஃபேக்டரிதான், 2023ல புவிசார் குறியீடும் கெடைச்சிருச்சு. எல்லாமே குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு, குளூட்டன் துளியும் இல்ல. ஜவ்வரிசி உப்புமா, வெறும் ஜவ்வரிசி பாயாசம், வடகம், அவிச்ச குச்சிக்கிழங்குன்னு என் பொண்ணு ஒரு வாரம் அதுலயே ஓட்டினா. விருந்துல மட்டும் கேட்டுக்கோங்க, பாயாசத்துல சேமியாவையும் சேர்த்துப் போடுறது வழக்கம். லீ பஜார்ல மொத்தக் கடையில வாங்குறவங்க மூட்டையில அள்ளுறதை விட்டுட்டு சீல் வெச்ச பாக்கெட்டா வாங்குங்க, அள்ளுற கரண்டி ரவை மூட்டைக்கும் அதேதான்.

தட்டுவடை செட் இல்லாம சேலம் வந்து என்ன பிரயோஜனம், ஆனா ரோட்டோரத்துல தட்டுவடை எங்க போட்டதுன்னு கடைக்காரருக்கே தெரியாது. நாங்க வீட்டுலயே அரிசி மாவுல தட்டி, புது எண்ணெயில பொரிச்சு, பீட்ரூட் கேரட் துருவி, ரெண்டு சட்னியும் அரைச்சு செட் போட்டோம். பொண்ணு பதினொண்ணு சாப்பிட்டா.

ஏற்காட்டுக்குப் போறப்ப 20 கொண்டை ஊசி வளைவு, பதினாலாவதுல வாந்தி எடுத்துட்டா, காலையில சாப்பிட்டதா வளைவான்னு எனக்கு உசுரே போச்சு. அதனால வெறும் இட்லியோட ஏத்துங்க, புதுசா எதையும் அன்னிக்கு சோதிக்காதீங்க. சமையலறை இருக்கிற காட்டேஜா புக் பண்ணி, சின்ன ரைஸ் குக்கரும் ஒரு புது நான்ஸ்டிக் கல்லும் எடுத்துட்டுப் போங்க. ஏரிக்கரையில பஜ்ஜி வாசனை ஆளை இழுக்கும், கடலை மாவுதானேன்னு ஏமாறாதீங்க, அதே எண்ணெயில பிரெட் பஜ்ஜியும் போகும். அவிச்ச சோளம், வேர்க்கடலை, கொய்யா, பலாச்சுளை போதும்.

கோயில்ல புளியோதரையோ கேசரியோ குடுத்தா கண்ணுல ஒத்திக்கிட்டு பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் குடுத்துடச் சொல்லிப் பழக்கியிருக்கேன், எந்த அய்யரும் கோச்சுக்கல. கல்யாண வீடுன்னா முந்தின நாளே மாஸ்டரைப் பார்த்து, வடிச்ச சோறு ஒரு டப்பா மொதல்லயே எடுத்து வெக்கச் சொல்லுங்க.

ஃப்ளைட்ல குளூட்டன் ஃப்ரீ சாப்பாட்டை ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி வெக்கணும், போறதுக்கு மட்டும் சொல்லிட்டு வர்றதுக்கு மறந்துடாதீங்க. எங்களுக்கு அந்த ட்ரேயிலயே சாதா பன்னு ஒண்ணு உக்காந்திருந்துச்சு, பொண்ணுதான் மொதல்ல பார்த்தா.