தீவுக்கு ஒருநாள் பயணமா? கடைசிப் படகிலிருந்து திட்டமிடுங்கள்

தீவுச் சரணாலயத்துக்குப் போகலாம் என்று பேச்சு எடுத்ததும் எல்லோரும் கேட்பது, "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றுதான். எனக்கு அந்த நேரம் கடைசியாகத் தெரிந்தால் போதும். முதலில் தெரிய வேண்டியது, தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகின் நேரம். காட்டுக்கோ மலைக்கோ போனால் அரை மணி தாமதமானாலும் வண்டி காத்திருக்கும். படகு காத்திருக்காது. பகல் பார்வையாளர்கள் இரவு தங்குவதற்குப் பெரும்பாலான தீவுச் சரணாலயங்களில் அனுமதியும் கிடையாது. அதனால் ஒரு தாளின் அடியில் கடைசிப் படகின் நேரத்தை எழுதிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வருவேன். நண்பர்கள், உறவினர்கள் என்று ஒரு கூட்டத்தைக் கூட்டிப் போகும் பொறுப்பு எங்கள் வட்டத்தில் எப்போதும் என் தலையில்தான் விழும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குப் படகு, மாலை 4 மணிக்குத் தீவிலிருந்து திரும்பல். ஏழு மணி நேரம் கையில் இருப்பதுபோலத் தோன்றும். கடலைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம் என்றால், கரையில் கால் வைக்கும்போதே 10.15. பைகளைச் சோதிப்பார்கள், தீவின் விதிகளைச் சொல்வார்கள். அதற்கு இருபது நிமிடம். மாலையில் படகுத்துறைக்கு அரை மணி முன்னதாக வந்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி. கழித்துப் பாருங்கள், நடக்கவும் பார்க்கவும் மிச்சம் நாலு மணி நேரம்தான். வழிகாட்டியோடு போகும் கூட்டம் நின்று நின்று மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. ஆகவே மூன்று, நான்கு கிலோமீட்டர் உள்ள ஒரே ஒரு பாதை போதும். தீவை முழுதாகச் சுற்றிவர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் படகைப் பிடிக்க ஓடுவார்கள். ஓடும் கூட்டத்தின் முன்னால் எந்தப் பறவையும் உட்கார்ந்திருக்காது.

சரி, தேதிக்கு வருவோம். விடுமுறையை வைத்துத் தேதி குறிக்காதீர்கள். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை வைத்துக் குறியுங்கள். வேல்ஸ் நாட்டுக் கரையோரம் ஸ்கோமர் என்று ஒரு சின்னத் தீவு. பஃபின் பறவைகளுக்காக ஜனங்கள் அங்கே குவிகிறார்கள். அவை ஏப்ரலில் கூடு கட்ட வந்து, ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அட்லாண்டிக் கடலுக்குள் போய்விடும். செப்டம்பரில் போனால் அவை கூடு வைத்துவிட்டுப்போன மண் வளைகளைப் பார்த்துவிட்டு வரலாம். அதே தீவில் மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை லட்சக்கணக்கில் கூடு வைக்கிறது. ஆனால் பகலில் போகிறவர் கண்ணில் ஒன்றுகூடப் படாமல் போகலாம், ஏனென்றால் கடற்காகங்களுக்குப் பயந்து அவை இரவில்தான் வளைக்குத் திரும்பும். நியூசிலாந்தின் திரிதிரி மதாங்கி தீவிலும் இதே கதைதான். அங்கே கிவி உண்டு, ஆனால் அது இரவில் நடமாடும் பறவை. பகலில் பார்க்கக் கிடைப்பது தகாஹே. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்து 1948இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட பறவை அது, அதையே பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எனவே வழிகாட்டியிடம் "உங்கள் தீவில் என்னென்ன இருக்கு?" என்று கேட்காமல், "இந்த மாதம், பகல் வேளையில், பாதையிலிருந்தே எதைப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். பரவாயில்லை, சுருங்கிய பட்டியல்தான் உண்மையானது.

அடுத்தது கடல் ஏறுவதும் வற்றுவதும். நகரத்து ஆட்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. படகுத்துறை இல்லாத தீவுகளில் எந்த நேரத்தில் இறங்க முடியும் என்பதைத் தீர்மானிப்பதே இதுதான். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் அது ஆறு மணி நேரம் ஆகிறது. இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கடல் ஏறியிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே ஒன்பதுக்கு வற்றியிருக்கும். போன வாரம் போய்வந்த நண்பர் சொல்லும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ரொம்ப ஏறி ரொம்ப வற்றும். அரை நிலா நாட்களில் வித்தியாசம் குறைவு. சேற்றுத்திட்டுகள் உள்ள தீவானால் இன்னொன்றும் உண்டு. வற்றிய நேரத்தில் உள்ளான் போன்ற கரைப்பறவைகள் சேறு முழுக்கச் சிதறி, கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும். கடல் ஏற ஏற மிச்சமிருக்கும் மேட்டில் வந்து கூடும். பறவை பார்க்கப் போகிறவர் ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி முன்னதாகவே அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

காற்று பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று கிளம்பும், எனவே போகும்போது அமைதியாக இருந்த கடல் மதியத்துக்கு மேல் ஆட்டம் காட்டலாம். காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகம் தொட்டால் அலைகளின் உச்சியில் வெள்ளை நுரை பரவலாகத் தெரியும். சின்னப் படகுக்காரர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். கரையில் காற்றே இல்லாத நாளிலும் தூரத்துப் புயலின் அலை வந்து இறங்குதுறையை அடைக்கலாம். போகலாமா வேண்டாமா என்பதில் படகோட்டியோடு பேரம் பேசாதீர்கள். "கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்" என்று சொல்லும் ஆள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவரைப் படகோட்டியின் பக்கம் போகவே விடாதீர்கள்.

அனுமதி விஷயத்தில் தீவுக்குத் தீவு விதி வேறு. ஸ்கோமரில் ஒரு நாளைக்கு 250 பேர்தான் இறங்கலாம் என்று நெடுங்காலமாகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். காலாபகோஸ் தேசியப் பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963இல் எரிமலையாக எழும்பிய சுர்ட்சே தீவில் ஆராய்ச்சியாளர்கள் தவிர யாரும் இறங்கவே முடியாது. பல இடங்களில் படகுச் சீட்டு ஒன்று, இறங்கும் அனுமதி ஒன்று, வழிகாட்டிக்குத் தனியாக ஒன்று என மூன்று பதிவுகள் இருக்கும். மூன்றும் ஒரே தேதிக்கு உறுதியான பிறகுதான் உறவினர்களிடம் தேதியைச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மறுபடியும் கேட்டுக்கொள்ளுங்கள். 2022இல் பறவைக் காய்ச்சல் பரவியபோது இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் இறங்குவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டும் திறக்கவில்லை.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும் என்பேன். "கண்டிப்பாகக் காட்டுகிறேன்" என்று சத்தியம் செய்கிறவரை நான் எடுப்பதில்லை. காட்டு உயிர்களோடு பழகியவர் "பார்க்கலாம்" என்றுதான் சொல்வார். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் ரேடியோ உண்டா, முதலுதவி தெரியுமா, யாராவது பாதியில் நடக்க முடியாமல் போனால் என்ன செய்வார், இதெல்லாம் கேட்டே ஆக வேண்டியவை. அப்புறம் ஒரு கேள்வியைச் சாதாரணமாகப் போட்டுப் பாருங்கள்: "கூட்டுக்கு எவ்வளவு கிட்டக் கூட்டிப் போவீங்க?" "எவ்வளவு வேணுமோ அவ்வளவு கிட்ட" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். ஆலா என்ற கடற்பறவைகள் வெறும் மணலில் முட்டையிடும். மனிதர் நெருங்கினால் தாய்ப்பறவைகள் மொத்தமாக எழும்பிவிடும். அந்தச் சில நிமிடங்களில் வெயில் முட்டையை வேகவைத்துவிடலாம், குஞ்சைக் கடற்காகம் தூக்கிவிடலாம். நல்ல வழிகாட்டிக்கு உங்கள் புகைப்படத்தைவிட அந்த முட்டை முக்கியமாக இருக்கும். உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத் தயங்காதவராகவும் இருப்பார்.

பையையும் செருப்பையும் சுத்தம் செய்வதைச் சிலர் சடங்குபோல நினைக்கிறார்கள். தீவின் பறவைகள் பெரும்பாலும் எலி, பூனை, பாம்பு என்ற எதிரிகளே இல்லாமல் வளர்ந்தவை. குவாம் தீவுக்கு இரண்டாம் உலகப் போரை ஒட்டிச் சரக்கோடு சரக்காக ஒரு மரப்பாம்பு வந்து சேர்ந்தது. அந்தக் காட்டின் பறவை இனங்களில் பெரும்பாலானவை அதற்கு இரையாகித் தீவிலிருந்தே மறைந்தன. திரிதிரி மதாங்கி ஒரு காலத்தில் மரங்களை வெட்டி விவசாயத்துக்கு விட்ட தீவு. 1984 முதல் 1994 வரை தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டு அதைக் காடாக மாற்றினார்கள். இடையில் எலிகளையும் ஒழித்தார்கள். கர்ப்பமான ஒரே ஒரு எலி போதும், இவ்வளவு உழைப்பும் போச்சு. அதனால் முந்தைய இரவு பையைத் திறந்தபடி தரையில் வைக்காதீர்கள். எல்லாப் பைகளிலும் ஜிப் இருக்கட்டும். காலணியின் அடிப்பள்ளங்களை விறைப்பான பிரஷ் வைத்து வீட்டிலேயே தேயுங்கள், படகுத்துறையில் நின்று அவசரமாகத் தேய்த்தால் பாதி மண் அப்படியே இருக்கும். சாக்ஸ், பேண்ட் மடிப்பு, வெல்க்ரோ பட்டை, கேமராப் பையின் மூலை, இங்கெல்லாம்தான் விதை ஒட்டியிருக்கும். சாப்பாடு இறுக்கமான மூடி உள்ள டப்பாவில். கொட்டையுள்ள பழம் வேண்டாம். கொண்டுபோனால் கொட்டையும் தோலும் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

எங்கள் பெரியப்பா எந்த இடம் என்று சொன்னாலும் உடனே கேட்பது, "அங்கே கழிப்பறை இருக்கா?" எல்லோரும் சிரிப்பார்கள். பட்டியலில் நான் அதை மேலேயே எழுதிவைக்கிறேன். பல தீவுகளில் இறங்கும் இடத்தில் ஒன்று இருக்கும், பாதையில் எங்கும் இருக்காது. சிலவற்றில் படகில் மட்டும்தான். காட்டுக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை செல்லாது. மேலே சொன்ன சுர்ட்சேயில் ஒருமுறை தக்காளிச் செடி முளைத்திருந்தது. யாரோ ஒருவர் ஒதுங்கிய இடத்தில், அவர் வயிற்றில் இருந்த விதையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அதைப் பிடுங்கி எறிந்தார்கள்.

வயதானவர்களும் குழந்தைகளும் வந்தால் இன்னொரு கேள்வி: படகிலிருந்து மேடைக்கு அடியெடுத்து வைப்பதா, முழங்கால் தண்ணீரில் குதித்து நடப்பதா? முழங்கால் வலி உள்ளவருக்கு அன்றைய நாளில் கடினமான நடையே அந்தப் பத்து அடிதான். குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் அளவைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். போட்டுவிட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது, வேறு கேளுங்கள்.

கடல் குமட்டலுக்கான மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கியபின் விழுங்கிப் பயன் இல்லை. கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாகப் போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. படகின் நடுவிலோ பின்புறமோ உட்காருங்கள், அங்கே ஆட்டம் குறைவு. தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது.

சாமான்களில் நான் கறாராக இருப்பது சிலவற்றில்தான். பைனாகுலர் 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு பெரிதாக்குவது கடையில் நன்றாக இருக்கும், ஆடும் படகில் கை நடுக்கத்தையும் பத்து மடங்கு ஆக்கிக் காட்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கயிறு கட்டிய தொப்பி. போனுக்கும் மாத்திரைகளுக்கும் தண்ணீர் புகாத பை. வெயிலுக்குக் கிரீமைவிட முழுக்கைச் சட்டை மேல், பவளப்பாறைகளுக்குக் கெடுதல் என்று சில கிரீம்களைப் பலாவ் நாடு 2020இலும் ஹவாய் 2021இலும் தடை செய்துவிட்டன. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தீவில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். கரையில் இருக்கும் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இறங்கியபின் முதல் இருபது நிமிடம் கூட்டம் சத்தம் போடத்தான் செய்யும், அதை யாராலும் தடுக்க முடியாது. வழிகாட்டி முன்னால், பொறுப்பாளர் கடைசியில். பாதையை விட்டு ஒரு காலடிகூட வேண்டாம்; வளை தோண்டிக் கூடு வைக்கும் பறவைகள் உள்ள தீவில் நீங்கள் மிதிக்கும் புல்லுக்கு அடியில் குஞ்சு இருக்கலாம். முடிந்தால் ஓரிடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார வையுங்கள் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நடந்து பார்ப்பதைவிட அதிகம் பார்ப்பீர்கள்.

படகு ரத்தாகும் நாளுக்கும் திட்டம் இருக்க வேண்டும். பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாற்றுவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரத்து என்ற செய்தி எத்தனை மணிக்கு, யாருக்கு வரும் என்றும் கேட்டு வையுங்கள். பாதித் தூரம் வந்தபின் தெரிவதில் லாபம் இல்லை. அதே கரையில் கழிமுகமோ சேற்றுத்திட்டோ இருந்தால் அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்து அங்கே போகலாம். வழிகாட்டி அரை நாள் கூலிக்கு வருவாரா என்றும் முன்னாலேயே பேசி வைத்திருங்கள்; பெரும்பாலும் வருவார், அவருக்கும் அன்று வேறு வேலை இருக்காது.